நிறமற்ற எண்ணெயின் வழிகள்

எண்ணெய் கலந்த நீரில் மாதிரி எடுக்கப் பழகுபவருக்கு முதலில் சொல்லித்தரப்படுவது, போத்தலை அந்த நீரால் அலசக்கூடாது என்பதுதான். உப்பையோ நைத்திரேற்றையோ அளப்பதற்கு நீர் எடுக்கும்போது இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு நிரப்புவது வழக்கம். எண்ணெய்க்கு அந்தப் பழக்கம் ஆகாது. அலசும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும். நீர் வெளியே போகும், படலம் உள்ளே தங்கிவிடும். பிறகு ஆய்வுகூடத்தில் வரும் எண் கிணற்று நீரில் உண்மையில் உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும். அதே கிணற்றிலிருந்து இன்னொரு சிறு போத்தலும் எடுக்க வேண்டும். இதை விளிம்பு வரை, ஒரு குமிழிகூட உள்ளே நிற்காதபடி நிரப்பி மூட வேண்டும். குமிழி நின்றால் பென்சீன் போன்றவை நீரை விட்டு அந்தக் காற்றுக்குள் ஏறிவிடும். மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். மூன்றாவதாக, துளையிட்டு எடுத்த மண். அதைக் கிளறாமல், கையால் பிசையாமல், எடுத்த கணத்திலேயே குளிரில் வைக்க வேண்டும். ஒரே கசிவைப் பார்க்க மூன்று விதமான கவனம் ஏன் வேண்டும் என்று கேட்பவருக்கு, எண்ணெய் ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் ஒற்றைப் பொருளாக இல்லை என்பதையே பதிலாகச் சொல்ல முடியும்.

நிலத்திலிருந்து வரும் பச்சை எண்ணெயில் ஆயிரக்கணக்கான ஐதரோக்காபன்கள் கலந்திருக்கின்றன. நான்கைந்து காபன் அணுக்களுள்ள சிறிய மூலக்கூறுகளும் உண்டு, நாற்பதுக்கு மேல் கோத்த பெரிய சங்கிலிகளும் உண்டு, வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறுகளும் உண்டு. சுத்திகரிப்பாலை அவற்றைக் கொதிநிலைப்படி பிரிக்கிறது: பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், கடைசியில் மிஞ்சும் கறுத்த உலை எண்ணெய். சிந்திய பிறகு காற்றும் நீரும் மண்ணும் செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். சிறியவை காற்றுக்கு ஏறுகின்றன; வளையம் கொண்ட சிறியவை நீரில் கரைகின்றன; பெரியவை மண் துகளோடும் சேற்றோடும் ஒட்டிக்கொள்கின்றன. திறந்த கடலில் சிந்திய பெற்றோல் ஓரிரு நாளில் முழுதும் ஆவியாகிவிடும். இலேசான பச்சை எண்ணெயில் முதற் சில நாட்களுக்குள் முக்கால் பங்கு வரை போகக்கூடும். உலை எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு போவதே அரிது. ஆகவே, எவ்வளவு எண்ணெய் சிந்தியது என்ற கேள்வியைவிட எந்த எண்ணெய், எதன்மேல் சிந்தியது என்ற கேள்விதான் பயன் தருவது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இன்று இந்தக் கேள்வியை முன்வைக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது.

சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் 1920களின் நடுப்பகுதிக்குப் பின் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. நூறளவில் தாங்கிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 12,000 தொன். அவற்றுள் இருந்தது பெரும்பாலும் கப்பற் கொதிகலன்களுக்கான கனத்த உலை எண்ணெய். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு தாங்கி எரிந்தது. அதன் உருகி மடிந்த தகடுகள் இன்றும் நினைவிடமாகக் கிடக்கின்றன. பிரித்தானியர் போன பின் குதங்கள் இலங்கை அரசுக்கு வந்தன. 2003இல் லங்கா ஐஓசி கீழ்த் தொகுதியைப் பயன்படுத்தத் தொடங்கியது. காட்டுக்குள் கிடந்த மேல் தொகுதி பல பத்தாண்டுகள் வெறுமையாகவே இருந்தது. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி 99 தாங்கிகளில் 14 லங்கா ஐஓசிக்கும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் போக, எஞ்சிய 61 தாங்கிகளை இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனம் 50 ஆண்டுகளுக்கு அபிவிருத்தி செய்யும். 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் ஒப்பமிட்டன. குதங்கள் எவர் கைக்குப் போகின்றன, எத்தனை ஆண்டுக் குத்தகை என்பதைப் பற்றியே இத்தனை காலமும் பேசிவந்திருக்கிறோம். எவர் கையில் இருந்தாலும் அடித்தகடு துருப்பிடிக்கும் விதம் மாறாது. உள்ளே ஊற்றப்படும் பொருள் மாறினால் கீழே இருக்கும் மண்ணின் கதை முழுவதும் மாறும். என் வாதம் அந்த மாற்றத்தைப் பற்றியது.

உலை எண்ணெய் தடித்தது. சூடாக்காமல் குழாயில் ஓடவே மறுக்கும். மண்ணில் சிந்தினால் சில அடி இறங்குவதற்குள் துகள்களிடையே சிக்கி நின்றுவிடும், காலப்போக்கில் தார்போல் இறுகும். அசிங்கமானது, ஒட்டுவது, கடற்பறவையையும் கண்டல் வேரையும் மூச்சுமுட்ட வைப்பது, ஆனால் நகராதது. பெற்றோலும் டீசலும் இலேசாக ஓடுபவை. மணல் என்றால் நேரே கீழே இறங்கும். பாறை வெடிப்பு என்றால் வெடிப்பின் சரிவோடு போகும். கறுப்பு நிறம் இல்லாததால் மண்ணை வெட்டிப் பார்த்தாலும் கறை தெரியாது. கறுத்த மண்ணைக் கண்டால் மாசு என்கிறோம், சாதாரண நிறத்து மண்ணைக் கண்டால் நிம்மதியடைகிறோம். கிணறுகளைப் பொறுத்தமட்டில் இந்த நிம்மதி பெரும்பாலும் தவறான இடத்தில் வருகிறது. கணக்கைப் பார்ப்போம். 1 விழுக்காடு பென்சீன் உள்ள பெற்றோலில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் பென்சீன் இருக்கும். குடிநீரில் பென்சீன் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். அந்த 9 கிராமும் கரைந்தால், வழிகாட்டல் அளவுக்கு அதைத் தணிக்க ஏறத்தாழ 9 இலட்சம் லீற்றர் நீர் வேண்டும். அந்த நீரில் படலம் தெரியாது, நிறம் தெரியாது, அந்த அளவில் மணமும் தெரியாது.

கசிவு என்றால் குழாய் வெடித்து ஓடுவதையே பலரும் நினைக்கிறார்கள். தாங்கியின் அடித்தகடு மண்ணோடு படிந்திருக்கும் பக்கத்திலிருந்து அரிபடுவது கண்ணுக்குப் படாது. தாங்கிக்குள் இருப்பதை அளவுகோலால் பார்த்துக் கணக்கு வைப்பவர்களும் அதைப் பிடிப்பது கடினம். 12,000 கனமீற்றர் கொள்ளும், 12 மீற்றர் உயரமான ஒரு தாங்கியை எடுத்துக்கொண்டால் அதன் அடிப்பரப்பு 1,000 சதுர மீற்றர். எண்ணெய் மட்டம் 1 மில்லிமீற்றர் தாழ்ந்தால் 1,000 லீற்றர் குறைந்திருக்கிறது. பகல் வெயிலில் எண்ணெய் விரிவதும் இரவில் சுருங்குவதும் அதைவிடப் பெரிய மாற்றத்தைக் காட்டும். ஆகவே கணக்குப் புத்தகம் சுத்தமாக இருப்பதை வைத்து நிலம் சுத்தமாக இருப்பதாகச் சொல்ல முடியாது. சீனன்குடா நிலத்தின்மேல் குற்றம் சுமத்த நான் வரவில்லை. எந்த எண்ணெய்க் களஞ்சியத்துக்கும் பொருந்தும் எண்கணிதம் இது.

மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கும். பாடநூல்கள் இதைக் கிண்ணத்து நீரில் மிதக்கும் நெய்போல வரைந்துவிட்டு நிறுத்திவிடுகின்றன. எங்கள் பகுதியில் அந்தப் படம் பாதிதான். இங்கே மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை வாடைக் காலத்தில் கொட்டுகிறது; பிறகு வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை கச்சான் காற்று நிலத்தை வறட்டுகிறது. கிணற்று நீர் மழைக்காலத்தில் கையெட்டும் உயரத்துக்கு ஏறி, கோடையில் கயிற்றை நீட்ட வைக்கிறது. மிதக்கும் எண்ணெயும் அதோடு ஏறி இறங்குகிறது. இறங்கும்போது மேலே விட்ட மண்ணில் ஒரு பங்கு ஒட்டி நிற்கிறது; ஏறும்போது இன்னொரு பங்கு நீருக்குள் அமிழ்ந்து சிக்குகிறது. சில ஆண்டுகளுக்குள் மெல்லிய மிதப்பாக இருந்தது பல அடி தடிப்புள்ள பூச்சாக மாறிவிடும். அமிழ்ந்து சிக்கிய பங்கிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீர் ஓடும் திசையில் போகும். கோடையில் எடுத்த மாதிரி ஒன்றுமில்லை என்று சொல்லும். மாரியில் அதே கிணறு வேறு கதை சொல்லும். ஆண்டுக்கு ஒரு தடவை, அதுவும் பாதை காய்ந்திருக்கும் காலத்தில் மட்டும் போய் மாதிரி எடுப்பது எங்கள் தொழிலில் மிகப் பரவலான பிழை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணற் கிணறுகளுக்கும் சீனன்குடாப் பக்கத்துக் கடும்பாறைக் கிணறுகளுக்கும் ஒரே அட்டவணையைப் போடுவதும் பிழைதான். மணலில் மாசு விரிந்து போகும். பாறையில் வெடிப்பைத் தேடிப் போவதால், அருகிலுள்ள கிணறு தப்பி அப்பாலுள்ள கிணறு மாட்டுப்படலாம்.

காற்றின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது வேகமாக நடந்து முடிவது. தாங்கியின் மேல்வெளி பகலில் சூடேறி ஆவியை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து காற்றை உள்ளே இழுக்கும். தாங்கி மூச்சுவிடுகிறது என்று சொல்வோம். உலை எண்ணெய்க்கு அந்த மூச்சில் ஏதும் வராது. அதே கூரையின் கீழ் பெற்றோலை வைத்தால் ஒவ்வொரு பகலும் ஆவி வெளியேறும்; அதனால்தான் பெற்றோல் தாங்கிகளுக்கு எண்ணெயோடு ஏறி இறங்கும் மிதவைக் கூரை போடுகிறார்கள். பவுசரில் நிரப்பும்போது உள்ளிருந்த ஆவி முழுவதும் வெளியே தள்ளப்படும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். வெயிலில் சைலீன் போன்றவை ஒரு நாளுக்குள் உடைந்துவிடும், பென்சீன் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும்; வாகனப் புகையோடு சேர்ந்து வெயிலில் ஓசோனும் உண்டாகும். தீப்பிடித்தால் வழி வேறு. புகைக்கரியோடு பல வளைய ஐதரோக்காபன்கள் ஒட்டிப் பறந்து, மழையோடு மண்ணுக்கு இறங்கும். காற்றில் போனது போய்த் தொலைந்தது என்று எடுத்துக்கொள்ளலாகாது.

கடலில்தான் எல்லார் கண்ணும் இருக்கிறது. 2020 செப்டம்பர் 3 அன்று அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் கப்பல் தீப்பிடித்தபோது, அதிலிருந்த 2,70,000 தொன் பச்சை எண்ணெய் கரைக்கு வருமோ என்று கிழக்குக் கரை முழுவதும் பதைத்தது. அந்தப் பதைப்பு நியாயமானது. பச்சை எண்ணெய் வெளியே வரவில்லை. கப்பலின் சொந்த டீசல் கசிந்து படலமாகப் பரவியது, சில நாட்களில் கண்ணுக்கு மறைந்தது. மறைந்ததில் ஒரு பங்கு காற்றுக்குப் போனது, ஒரு பங்கு அலையால் நுண்துளிகளாக உடைந்து நீருக்குள் போனது. படலத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் ஏமாற்றும் வேலை. வானவில் நிறம் காட்டும் படலம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குத் தடிப்புள்ளது என்று கொண்டால், 1 லீற்றர் எண்ணெய் 1,000 சதுர மீற்றரை மூடும். வெள்ளிபோல் மினுங்கும் படலம் அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஒரு லீற்றரே இரண்டரை ஏக்கருக்குப் போதும். ஆகவே பரந்த மினுக்கம் சிறு சிந்தலாக இருக்கலாம், கைப்பிடிக் கறுப்புத் திட்டு பெரும் சிந்தலாக இருக்கலாம். படலம் நீரோட்டத்தோடு முழுதாகவும், காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்களவாகவும் நகரும். மணிக்கு 20 கிலோமீற்றர் கச்சான் வீசினால் சீனன்குடாக் கரையிலிருந்து நகரப் பக்கமாக மணிக்கு 600 மீற்றர் போகும். வாடையில் கிண்ணியா, தம்பலகாமக் குடாப் பக்கம் தள்ளப்படும். அங்கே கண்டல் வேர்களும் சேறும் இருக்கின்றன. வற்றுப்பெருக்கு 1 மீற்றருக்கும் குறைவாதலால் கடல் தானாகக் கழுவிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு எளிமையானது, நேர்மையானதும்கூட: எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தாங்கிகள் அங்கே இருக்கின்றன, ஊர் அழியவில்லையே. மேலே சொன்னதிலேயே இதற்கு விடை உண்டு. அக்காலத்தில் இருந்தது நகராத எண்ணெய். பிறகு மேல் தொகுதி வெறுமையாக இருந்தது. நகரும் எண்ணெய் அந்த மேட்டில், அந்த அளவில் வைக்கப்பட்ட அனுபவம் நமக்கு இல்லை. பழைய அனுபவத்தை அப்படியே புதியதற்குச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. இரண்டாவது மறுப்புக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலும் கடலிலும் எங்கும் இருக்கின்றன. இயற்கை தானே சுத்தம் செய்துவிடும் என்கிறார்கள். ஓரளவு உண்மை. அமெரிக்காவின் மினசோட்டாவில் பெமிட்ஜிக்கு அருகே 1979 ஆகஸ்டில் குழாய் வெடித்து 17 இலட்சம் லீற்றர் பச்சை எண்ணெய் சிந்தியது. அள்ளியது போக ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் நிலத்துள் தங்கியது. நுண்ணுயிர்களின் உழைப்பால் கரைந்த பென்சீன் சில நூறு மீற்றருக்குள் நின்றது. ஆனால் எண்ணெய் இன்னும் அங்கேதான் இருக்கிறது, இன்னும் ஆராய்கிறார்கள். நுண்ணுயிர் வேகமாகத் தின்ன ஒட்சிசன் வேண்டும், நைதரசனும் பொசுபரசும் வேண்டும். கண்டல் சேற்றில் மேற்பரப்பைத் தாண்டினால் ஒட்சிசன் கிடையாது. 1969 செப்டம்பரில் மசாசூசெற்ஸின் வெஸ்ற் பல்மத்தில் ஒரு படகிலிருந்து சிந்தியது டீசலை ஒத்த இலேசான எண்ணெய்தான். முப்பது ஆண்டு கழித்தும் உவர்ச்சதுப்புச் சேற்றில் அதை எடுத்துக் காட்டினார்கள். பெமிட்ஜியின் சில நூறு மீற்றர் என்பது காட்டுக்கு நடுவே சிறிய தூரம். கிணறு உள்ள ஊருக்கு அது சிறியதன்று.

மூன்றாவது மறுப்பு மீன்பிடிக் கரையிலிருந்தும் வரும், அலுவலகத்திலிருந்தும் வரும்: தாங்கிகளைவிடப் படகுகளும் பட்டறைகளும்தானே துறைமுகத்தில் அதிகம் கலக்கின்றன. நியாயமான கேள்வி. மனிதரால் கடலுக்குச் சேரும் எண்ணெயில் பெரும்பங்கு கப்பல் விபத்துகளால் வருவதில்லை, நில வடிகாலும் சிறு படகும் போன்ற அன்றாடப் பயன்பாட்டால் வருகிறது என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிப் பேரவை 2003இல் கணக்கிட்டுக் காட்டியது. பழைய ரக வெளியிணைப்பு எஞ்சின்கள் ஊற்றிய எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே நீருக்குள் விடக்கூடியவை. இதனால் என் வாதம் தளர்வதாக நான் நினைக்கவில்லை. எண்ணெயின் வகையைப் பார்க்க வேண்டும் என்பதற்கே இது இன்னொரு காரணம். வாயு நிறப்பகுப்பியில் ஓடவிட்டால் மண்ணெண்ணெய் ஓரிடத்தில் முகடு காட்டும், டீசல் அதற்கு அப்பால் விரியும், பழைய உலை எண்ணெய் பிரிக்க முடியாத ஒரு திமிலாக உயர்ந்து நிற்கும். நுண்ணுயிர்கள் நேர்ச்சங்கிலிகளை முதலில் தின்பதால், பதினேழு காபன் நேர்ச்சங்கிலிக்கும் கிளைத்த பிரிஸ்ரேனுக்கும் உள்ள விகிதம் கசிவு புதியதா பழையதா என்று சொல்லும். ஹோபேன் போன்ற மூலக்கூறுகள் பச்சை எண்ணெய் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பதற்கே சாட்சி சொல்லும். படகுக்காரரின் மேல் பழி வீணாக விழாமல் இருக்கவும் இந்தப் பிரிப்பு வேண்டும்.

சுன்னாகம் இதற்கு நமக்கு அருகிலேயே கிடைத்த பாடம். அங்கே அனல் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் இருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள் பல கிணறுகளில் ‘எண்ணெயும் கிரீசும்’ அனுமதித்த அளவைத் தாண்டியதாகக் காட்டின. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறு முடிவுக்கு வந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அந்த வழக்கின் நடுவில் நின்ற ‘எண்ணெயும் கிரீசும்’ என்ற சோதனையை எங்கள் தொழிலின் கண்ணோடு பார்க்க வேண்டும். நீரை எக்சேன் கரைப்பானோடு குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பதுதான் முறை. கனத்த எண்ணெய்க்கு அது நல்ல சோதனை. ஆனால் கரைப்பான் பறக்கும்போது பென்சீனும் பெற்றோலின் பெரும்பகுதியும் கூடவே பறந்துவிடும். சமையற் தேங்காயெண்ணெயும் சவர்க்காரக் கொழுப்பும் மாசுக் கணக்கில் சேரும். பெற்றோல் கசிந்த கிணற்றில் இந்தச் சோதனை பூச்சியத்தைக் காட்டலாம். சுன்னாகத்தில் பழகிய அதே சோதனையைத் திருகோணமலையில் பெற்றோல் தாங்கிகளுக்குக் கீழே வைத்துச் செய்துவிட்டு நீர் சுத்தம் என்று சான்றளித்தால், பொய்யான சான்று எவரும் பொய் சொல்லாமலே உருவாகிவிடும்.

செலவைப் பற்றிய மறுப்பையும் தவிர்க்க முடியாது. குளிரில் கொழும்புக்கு அனுப்பி, பதினான்கு நாளுக்குள் ஆய்ந்து முடிக்க வேண்டிய போத்தல்கள் மலிவானவை அல்ல. ஆயினும் தாங்கிகள் நிரம்புவதற்கு முன் எடுக்கும் அளவீடு ஒரு தடவைதான் கிடைக்கும். நிரம்பிய பிறகு எந்த எண் வந்தாலும் அது பழையது என்று ஒரு தரப்பும் புதியது என்று மறு தரப்பும் சொல்லலாம். சுன்னாகத்து மக்களுக்கு நேர்ந்ததுபோல ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டிவரும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசு தடுப்புச் சட்டமும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கின்றன. தொடக்க அளவீடு இல்லாமல் அந்த அதிகாரத்துக்குக் கையில் பிடிக்க ஒன்றுமில்லை. முதலீட்டாளருக்கும் இது பாதுகாப்பு: பழைய கடற்படை எண்ணெயின் பழியைப் புதிய நிறுவனம் சுமக்க வேண்டியதில்லை.

அளவீட்டை எங்கே தொடங்குவது என்பதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். மேல் தொகுதியின் மேட்டிலிருந்து கடல்வரை நீர் இறங்கும் சரிவில் சில கண்காணிப்புக் குழாய்கள். அதே சரிவில் மக்கள் குடிக்கும் கிணறுகள். சரிவுக்கு எதிர்ப்புறம் ஒப்பிட ஒரு கிணறு. ஒவ்வொன்றிலும் குமிழியில்லாத சிறு போத்தலும் அலசாத பெரிய போத்தலும். 1942இல் எரிந்த தாங்கியைச் சுற்றி மண், ஆழத்துக்கு ஆழம் தனித்தனியாக. தம்பலகாமக் குடாவின் சேற்றில் மேல் விரலளவும் அதன் கீழ் ஒரு சாணும். மீன் தன் ஈரலில் வளைய ஐதரோக்காபன்களை உடைத்து வெளியேற்றிவிடும், சிப்பிக்கு அந்தத் திறன் குறைவு என்பதால், அங்கே பொறுக்கும் மட்டியிலும் சிப்பியிலும் ஒரு கைப்பிடி. முதல் சுற்று புரட்டாதி இறுதியில், கிணறுகள் அடிமட்டத்தில் இருக்கும்போது. இரண்டாவது சுற்று தை நடுவில், நீர் மேலே ஏறி, மண்ணில் ஒட்டியிருந்ததையும் தன்னோடு அசைக்கும் நாட்களில்.